உப்பில்லாத தண்ணீர்

2025 மே 24, சனிக்கிழமை.

போன கிழமை இந்தக் கொப்பியில் எழுதியதில் ஒரு பிழை விட்டுவிட்டேன். கொக்குவில் வீட்டின் வாசல் கிழக்குப் பார்த்தது என்று எழுதியிருந்தேன். அது வடக்கு. அனலைதீவில் எந்த வளவுக்குள் கொண்டுபோய் விட்டாலும் காற்றை வைத்தே திசை சொல்லிவிடுவேன். கொக்குவில் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் ஆளை விட உயரமான மதில். காற்றும் இல்லை, கடல் இரைச்சலும் இல்லை. சூரியன் நடு உச்சியில் நின்றது. சும்மா ஒரு குத்துமதிப்பில் எழுதிவிட்டேன்.

அதையே அத்தானுக்கும் சொன்னேன். அவர் அதை நம்பித் தன் அம்மாவிடம், அதாவது மாமியிடம் சொல்ல, மாமி ஊர் முழுக்கக் கிழக்கு வாசல் என்று சொல்லிவைத்திருக்கிறார். இன்று அந்த வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு, "உன்ரை கொப்பியிலை சூரியன் எந்தப் பக்கத்தாலை உதிக்குது வதனி?" என்று கேட்டார்.

வீடு பார்க்கத் தொடங்கிய கதையை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அப்போதுதான் எங்கே பிழைத்தது என்று எனக்கே தெரியும்.

என் அக்கா இந்துஜா அனலைதீவிலேயே கல்யாணம் கட்டினாள். அத்தான் கீர்த்திகன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அம்மா யோகம்மா மாமியும் அவர்களோடுதான் இருக்கிறார். எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா கனடாவில் அண்ணையோடு. நான் ஊர்காவற்றுறையில் ஒரு அறை எடுத்து, பகலில் கூட்டுறவுக் கடையில் வேலை செய்துகொண்டு, செவ்வாயும் வியாழனும் மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன்.

அக்காவின் முதல் பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன், கடல் எழும்பும் இதே சோளகக் காற்றுக் காலத்தில், ஏழாம் மாதத்திலேயே படகில் பிறந்தது. ஊர்காவற்றுறை இறங்குதுறை கண்ணுக்குத் தெரிகிற தூரம். பிள்ளை அழவில்லை.

இப்போது அவளுக்கு மறுபடியும் ஆறு மாதம் முடிகிறது. ஏழு பிறக்க முதல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்து அவளை இருத்திவிட வேண்டும். நான் அவளோடு இருந்து அங்கிருந்தே வேலைக்குப் போய்வருவது, அத்தான் வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் திரும்புவது. இதுதான் ஏற்பாடு.

வீடு தேடும் வேலை என்னிடம் வந்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று, வீடு பார்க்கப் போக முதலே முடிவெடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மனதுக்குப் பிடித்ததற்குத் தானாகப் புள்ளி கூடிவிடும் என்று வகுப்பில் சேர் சொல்லுவார். ஆஸ்பத்திரித் தூரம், பஸ், தண்ணீர், அயலவர், மழைவெள்ளம் என்று நானும் புள்ளியைப் பிரித்துக்கொண்டு அலைந்தேன்.

முதல் வீட்டில், "தீவாக்களுக்குக் குடுக்கிறேல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்து, அனலைதீவில் எந்தப் பக்கம், ஆற்றை ஆக்கள் என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சாதியை விசாரித்துவிட்டு, அடுத்த நாள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது மேல்மாடி. அந்தப் படி அக்காவுக்கு ஏலாது.

நாலாவதுதான் யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய இந்தக் கொக்குவில் வீடு. இரண்டு அறை, குசினி, முன்னுக்கு ஒரு கொய்யா. வீட்டுக்காரர் லண்டனில். அவருடைய தங்கை பவதாரணி அக்கா அடுத்த ஒழுங்கையிலிருந்து பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு பின்னேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

மாமி ஒரு நிபந்தனை வைத்தார். "நான் கண்ணாலை பார்த்துத்தான் பிள்ளையை விடுவன்." அதனால்தான் இன்றைய பயணம்.

காலையில் இறங்குதுறையில் நின்றேன். படகு ஒரு பக்கம் சரிந்து சரிந்து வந்தது. மாமி முழுக்க நனைந்து இறங்கினார். அத்தானுக்கு முகம் வெளிறியிருந்தது.

"அக்கா வரேல்லையோ?"

"கடல் எழும்பிப்போய்க் கிடக்கு. பிள்ளைத்தாச்சியை இதுக்குள்ளை ஏத்தலாமோ?" என்றார் மாமி.

அதற்காகத்தானே வீடு பார்க்கிறோம் என்று வாய் வரை வந்தது. மாமியின் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பவதாரணி அக்கா கேற்றைத் திறந்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். கெட்ட மனுசி என்று சொல்ல மாட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "தீவெண்டாலும் பார்க்க நல்ல ஆக்களாத்தான் இருக்கிறியள்."

மாமியும் சிரித்தார். "ஓம் பிள்ளை, வள்ளத்திலை வரேக்கை காலை நல்லாக் கழுவிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

அத்தான் இருமினார். பவதாரணி அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அறையைத் திறந்து காட்டக் கதவருகே போனார். மாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை. நேரே வீட்டின் பின்பக்கம் போனார்.

"எங்கையணை போறியள்? அறை இந்தப் பக்கம்."

"அறை எங்கையும் ஓடாது. கிணறு எங்கை?"

இது பவதாரணி அக்காவுக்குப் புதினமாக இருந்திருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. எங்கள் ஊரில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் கேட்கிற முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் நடப்போம், சைக்கிளில் கலன் கட்டுவோம், தண்ணீர் லொறி பவுசருக்குக் காத்து நிற்போம்.

மாமி வாளியை இறக்கி அள்ளினார். கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு வாய். முகத்தைக் கழுவினார். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இஞ்சை வா. குடிச்சுப் பார்."

அத்தான் குடித்தார். "நல்ல தண்ணியம்மா."

"நல்ல தண்ணியோ? சீனியடா! துளி உப்பில்லை. இதிலை தேத்தண்ணி போட்டால் எப்பிடி இருக்கும்! சோறு எப்பிடிப் பூத்து வரும்!"

அவர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் கண்டதில்லை. அந்த இடத்திலேயே போனை வாங்கி அக்காவுக்கு எடுத்தார். "பிள்ளை, வாசல் வடக்குத்தான். உன்ரை தங்கச்சி பிழையாச் சொல்லிப்போட்டா. பரவாயில்லை, தண்ணி நல்ல தண்ணி. நீ வந்து இரு."

போனுக்குள் அக்கா அழுவது எனக்கும் கேட்டது.

அந்தத் தண்ணீரை நான் முன்னமே இரண்டு தரம் குடித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு முழுப் புள்ளியும் போட்டது நான்தான்.

மாமியும் அத்தானும் குசினிக்குள் போய் அடுப்பு எங்கே வைப்பது என்று கதைக்கத் தொடங்கினார்கள். அயலவர் என்ற பகுதிக்கு நான் இன்னும் புள்ளி போடவில்லை. பின்மதில் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். பெயர் ஞானசவுந்தரி என்று பிறகு சொன்னார்.

"ஆருக்குப் பிள்ளை வீடு?"

"என்ரை அக்காவுக்கு. ஏழாம் மாதம் பிறக்கப்போகுது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட எண்டு பார்க்கிறம்."

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடிக்கிறதுக்குத் தண்ணி எங்கை எடுக்கப் போறியள்?"

"ஏன், கிணறு கிடக்குத்தானே. நல்ல தண்ணி."

"ஆர் சொன்னது?"

"குடிச்சுப் பார்த்தனாங்கள். உப்பே இல்லை."

"உப்பில்லையெண்டால்? நஞ்சு உப்பாத்தான் இருக்க வேணுமெண்டு சட்டமோ?" மதிலுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். "துண்டு துண்டாக் காணியை வித்து வீடு கட்டிப்போட்டினம். எல்லா மலகூடக் குழியும் கிணத்தைச் சுத்தித்தான். அங்காலை தோட்டக்காரர் போடுற உரம் வேறை. போன வருசம் சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஆக்கள் இந்த நாலு வீட்டுக் கிணத்திலையும் தண்ணி எடுத்துக்கொண்டு போய்ச் சோதிச்சவை. நைத்திரேற்று கூடவாம். பெரியாக்கள் ஏதோ சமாளிப்பினம். பிள்ளைத்தாச்சிக்கும் கைக்குழந்தைக்கும் குடுக்கவே கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனவை."

"காய்ச்சிக் குடிச்சால்?"

"காய்ச்சினால் தண்ணி வத்தும், அது வத்தாது. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் கலனிலை வாங்கிறம். இஞ்சை பாரும்."

அவர் காட்டிய குசினி வாசலில் நீலக் கலன்கள் வரிசையாக இருந்தன. போன தரமும் அவற்றைக் கண்டேன். காலிக் கலன்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

"நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும் பிள்ளை. பவதாரணி என்னோடை கதைக்கமாட்டாள்."

எங்கள் நாக்குக்கு ஒரேயொரு கேள்விதான் தெரியும். உப்பா, இல்லையா? இல்லை என்றால் அது நல்ல தண்ணீர். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மாமி எனக்கு முன் இருக்கையில் இருந்தார். பண்ணைப் பாலத்தில் ஏறியதும் திரும்பி, "இந்தக் காத்திலை அவள் இனிக் கஸ்ரப்படத் தேவையில்லை" என்றார். அவருக்கு இதைச் சொல்வதா, விடுவதா? சொன்னால் வீடு போய்விடும், அக்கா தீவிலேயே இருப்பாள். சொல்லாவிட்டால், நான் வேலைக்குப் போயிருக்கிற ஒரு பகலில் யாராவது அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளையின் பால்மாவுக்குள் ஊற்றுவார்கள்.

வேலணை தாண்டும் வரைக்கும் யோசித்தேன். பிறகு, அத்தானிடம் மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

இறங்குதுறைக்கு முன்னுள்ள தேத்தண்ணிக் கடையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். "மாமிக்கு இப்பச் சொல்லாதையுங்கோ அத்தான். குடிக்கிற தண்ணியை வாங்குவம். அதை நான் பார்த்துக்கொள்ளுறன். ஆஸ்பத்திரிதான் முக்கியம்."

"ஓம் ஓம். நீர் சொல்லுறது சரிதான்." தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். "நான் பார்த்துச் சொல்லுறன்."

"என்னத்தைப் பார்த்து?"

"இல்லை வதனி, அம்மாவுக்கு ஒளிச்சுச் செய்யிறது..." என்று இழுத்தார். கிளாசை வைத்துவிட்டு வெளியே போனார்.

மாமி இறங்குதுறையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அத்தான் அவருக்குப் பக்கத்தில் குனிந்தார். அவருடைய வாய் அசைவதைக் கடைக்குள் இருந்தே பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட அவருக்கு அதை வைத்திருக்க ஏலவில்லை. சொன்ன பிறகு அவர் முகத்தில் தெரிந்தது கவலை இல்லை. பாரம் இறக்கி வைத்த ஆளின் முகம் அது.

நான் ஓடிப்போனேன். மாமி எழும்பி நின்றார்.

"பார்த்தியே? எங்கடை ஊர் ஐயனார் காட்டித் தந்திட்டார். குடிக்கத் தண்ணியில்லாத ஊருக்கோ என்ரை பேரப்பிள்ளையை அனுப்பப் பார்த்தனீ?"

"தண்ணி வாங்கலாம் மாமி. எல்லாரும் வாங்கினம்."

"தண்ணியை விலைக்கு வாங்கிக் குடிக்கிறதெண்டால் அது ஊரோ? வேண்டாம். ஏழாம் மாதம் முடியேக்கை ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய்ப் போடுவம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

"போனமுறை ஏழாம் மாதம் முடியேல்லையே."

"அதுக்கு? அனலைதீவிலை ஒருத்தரும் பிள்ளை பெறேல்லையோ?"

"பெத்தவை. எல்லாப் பிள்ளையளும் இருக்குதோ?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. படகுக்குக் காத்து நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

மாமி சத்தம் போடவில்லை. "இல்லை. எல்லாம் இல்லை. இவனுக்கு முன்னம் ஒண்டு எனக்கும் வள்ளத்துக்குள்ளைதான் போனது. மடியிலை வைச்சுக்கொண்டு திரும்பி வந்தனான். நான் ஊரை விட்டிட்டு ஓடினனானோ? அடுத்ததை அங்கையே இருந்து பெத்தன். அவள் மட்டும் என்ன?"

அத்தானுக்கு இது முன்னமே தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் பட்டதை மற்றவளும் பட்டால்தான் கணக்குச் சரி என்று மாமி நினைக்கிறாரா? அல்லது அவருக்கு வேறு வழி எதுவும் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லையா?

படகில் ஏறிய பிறகு மாமி என்னைப் பார்த்துக் கத்தினார். "நாளைக்கு விடியக் கோயிலிலை பொங்கப்போறன். உனக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவன்!"

வீடு கிடைக்காமல் போனதற்குப் பொங்கல்.

அறைக்கு வந்து முகம் கழுவ முதலே அக்கா போன் எடுத்தாள். அத்தான் படகிலிருந்தே அவளுக்கும் எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார், பொங்கல் உட்பட.

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது?"

"பிள்ளைக்குக் கூடாதக்கா..."

"எனக்கு முதல் சொல்லியிருக்கலாமே. அவரிட்டை ஏன் சொன்னனீ? வயித்திலை வைச்சிருக்கிறது அவரோ, நானோ?"

வீட்டு ஆம்பிளை ஒருவரிடம் சொல்லிவிட்டால் என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்திருக்கிறேன். பஸ்ஸில் அவ்வளவு நேரம் யோசித்தும், அக்காவுக்குப் போன் எடுக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை.

"சரி, அழாதை," என்றாள். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். "நீ புள்ளி போடுறனீயெல்லே. கொக்குவிலுக்கு எத்தினை?"

"தண்ணிக்குப் போட்டதை எல்லாம் வெட்டினால்... பாதிக்குக் கொஞ்சம் மேலை."

"அனலைதீவுக்கு எத்தினை?"

நான் கொப்பியின் பக்கங்களைப் புரட்டினேன்.

"போடேல்லை என்ன? இஞ்சையும் நல்ல தண்ணியில்லை. ஆஸ்பத்திரியிலை ஒருநாள் டொக்டர் நிப்பார், ஒருநாள் நிக்கமாட்டார். பின்னேரம் கடல் எழும்பினால் வள்ளம் இல்லை. இதுக்கு நீ எத்தினை போடுவாய் வதனி? கொக்குவிலிலை நஞ்சைக் குடிச்சாலும் தூக்கிக்கொண்டு ஓட றோட்டு ஒண்டு இருக்கு."

ஐந்து கிழமையாக ஒரு புறநகரைத் தலைகீழாகப் புரட்டி, அங்கே எது குறை என்று பார்த்திருக்கிறேன். நாங்கள் இருக்கிற இடத்தை ஒருதரம்கூட அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அது எப்போதும் அங்கே இருக்கிறது, ஆகவே அதற்குப் புள்ளி தேவையில்லை என்பதுபோல நடந்திருக்கிறேன்.

"வதனி, நாளைக்குக் காலமை முதல் வள்ளம் ஓடுமோ?"

"ஏன்?"

"அவையள் ரெண்டு பேரும் விடியக் கோயிலுக்குப் போவினம். பொங்கிப் படைச்சு வர நேரமாகும்."

"அக்கா, விசரே உனக்கு? கடலைப் பார்த்தனீயோ? தனிய எப்பிடி...?"

"தனியவோ? ரெண்டு பேர் வாறம்." பெட்டி ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. "ஏழு பிறந்தாப் பிறகு இதே கடலிலைதான் என்னை ஏத்துவினம். அதுக்கு, வயித்து நோ வர முதல் நானே ஏறிறன். நீ வீட்டைப் பிடி."

போனை வைத்துவிட்டாள்.

பவதாரணி அக்காவுக்கு எடுத்தேன். வீட்டை எடுக்கிறோம் என்று சொன்னேன். பிறகு கேட்டேன், "அக்கா, கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். நாங்களும் வாங்கித்தான் குடிக்கிறனாங்கள்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரும் கேக்கேல்லையே பிள்ளை. வந்தியள், அள்ளிக் குடிச்சியள், சீனி எண்டியள். நான் என்ன சொல்லுறது?" பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்டுத் திறப்பை நாளைக்கு மத்தியானம் வந்து வாங்குங்கோ. பிந்தினால் மற்ற ஆக்களுக்குக் குடுத்திடுவன்."

இறங்குதுறையில் வேலை செய்கிற ஒருவரிடம் விசாரித்தேன். காற்று இன்னும் கூடும் போலிருக்கிறது என்றார். முதல் படகு ஓடுமா என்று விடிந்த பிறகுதான் சொல்லலாமாம். அக்காவுக்கு அதை அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.

வர வேண்டாம் என்று அவளுக்குச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. சொல்வது சரியா, சொல்லாமல் விடுவது சரியா என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

நாளை ஞாயிறு. காலையில் முதல் படகு வர முன்பே இறங்குதுறையில் நிற்க வேண்டும். படகு வந்தால், அக்காவைக் கை கொடுத்து இறக்க வேண்டும்.